வாசகர் கேள்வி-பதில்: தகிட தக என்று நடக்கும் மெட்டு

சென்ற மாதம் தாளக் கணக்கு பற்றிய ஒரு பதிலின் நடுவே, 'டேக் ஃபைவ்' என்ற ஜாஸ் மெட்டைக் குறித்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிறுவனாக இருந்த நாள்முதல் என்னோடு கூடவே வரும் மெட்டு அது. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா, என் மகன் ட்ரம்ஸ் வகுப்பில் 'டேக் ஃபைவ்' பழகுகிறான். மிருதங்கம் கற்ற என் தந்தை அதைக் கேட்டுவிட்டு, "இது நம் கண்ட சாபு. அந்தக் குழு மெட்ராஸ் வந்தபோது எடுத்துக்கொண்டு போனது" என்கிறார். இது உண்மையா?
– ஒரு வாசகி, கோலகங்சார்

அம்மா, கண்ட சாபு நம் ஐந்து எண்ணிக்கைத் தாளம்; 'டேக் ஃபைவ்' மெட்டும் ஐந்தில்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் தந்தையாரின் காது சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. மெட்டு வந்த வழி மட்டும் வேறு.

அந்த மெட்டை வாசித்த அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புருபெக்கின் நால்வர் குழு மெட்ராஸுக்கு வந்தது உண்மை. 1958-ஆம் ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் துறை அவர்களைப் போலந்து, துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, ஈரான், ஈராக் என்று நீண்டதொரு பயணத்துக்கு அனுப்பியது. மெட்ராஸில் அவர்கள் சந்தித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? பழனி சுப்பிரமணிய பிள்ளையை. மிருதங்கத்தில் இடக்கை வாசிப்புக்காரர், புதுக்கோட்டை வழியில் வந்த லய மேதை. அவர் வாசிப்பைக் கேட்ட எவரும் அதை மறந்துவிட்டு ஊர் திரும்பியிருக்க முடியாது. அந்தப் பயணத்துக்குப் பின் வந்த இசைத்தட்டில் ஓரிடத்தில், ட்ரம்ஸ் கலைஞர் ஜோ மோரெல்லோ குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் வாசிக்கிறார். துருக்கியின் இஸ்தான்புல் தெருவில் 2, 2, 2, 3 என்று ஒன்பதாக ஓடிய ஒரு தாளத்தைக் கேட்டுத்தான் புருபெக் தம்முடைய இன்னொரு புகழ்பெற்ற மெட்டை அமைத்தார். ஆகவே அந்தப் பயணத்தில் அவர்கள் பட்ட கடன்கள் மெய்யானவை; அவற்றை அவர்கள் மறைக்கவும் இல்லை.

ஆனால் 'டேக் ஃபைவ்' பிறந்தது அவர்கள் மேடையின் பின்புறத்தில். கச்சேரி தொடங்குமுன் ஐந்து எண்ணிக்கையில் தட்டிக்கொண்டிருப்பது மோரெல்லோவுக்கு வழக்கம். சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட் அதன்மேல் சில சுரங்களை ஊதிப் பார்ப்பார். வெவ்வேறு தாளங்களிலேயே ஒரு தட்டு முழுவதும் அமைய வேண்டும் என்று புருபெக் திட்டமிட்டபோது, இந்த ஐந்துக்கு ஒரு மெட்டு எழுதித் தரும்படி டெஸ்மண்டைக் கேட்டார். டெஸ்மண்ட் இரண்டு துண்டுகளோடு வந்தார். அவற்றை ஒரு மெட்டாக்க அவருக்கு வழி தெரியவில்லை. முதல் துண்டை இரண்டு தடவை வாசித்து, நடுவில் இரண்டாவதை வைத்து, மறுபடி முதலாவதுக்குத் திரும்பலாம் என்று புருபெக் சொன்னார். பல்லவி, அனுபல்லவி, மீண்டும் பல்லவி என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்த அமைப்பு உடனே பிடிபட்டுவிடும்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். கண்ட சாபு இரண்டும் மூன்றும்: தக தகிட. 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டும்: தகிட தக. கூட்டினால் இரண்டும் ஐந்துதான். நடை வேறு. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1962-இல் எனக்குப் பத்து வயது. என் தாயார் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். சனிக்கிழமை மாலையில் முன்கூடத்தில் தட்டு சுழலும். அம்மா வேலை முடித்து வரும்வரை நான் சமையலறைப் பின்படியில் உட்கார்ந்திருப்பேன். மாரியம்மன் கோயில் பஜனைக்கு மிருதங்கம் வாசிக்கும் மாமாவிடம் அப்போதுதான் பாடம் தொடங்கியிருந்தேன். கண்ட சாபு வரைக்கும் வந்திருந்தேன். ஒரு நாள் உள்ளேயிருந்து இந்த மெட்டு வந்தது. ஐந்து என்று உடனே தெரிந்தது. மடியில் இருந்த தூக்குச்சட்டி மூடியில் தக தகிட என்று தட்டினேன். சமம், அதாவது சுற்றின் முதல் அடி, ஒவ்வொரு தடவையும் சரியாக விழுந்தது. நடுவில்தான் இடித்தது. என் விரல் மூன்றாம் எண்ணிக்கையில் அழுத்தியது; உள்ளே பியானோ நான்காவதில் அழுத்தியது. சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் அதே இடி.

அடுத்த சனிக்கிழமை, பங்களாவுக்கு விறகு இறக்க வந்த மாமாவைப் படியில் உட்கார வைத்தேன். மாமா பால்வெட்டுத் தொழிலாளி. விரல் இடுக்குகளில் ரப்பர் பால் காய்ந்து, நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் அதை உரித்துக்கொண்டே கேட்டார். மூன்று சுற்று வரைக்கும் கை முழங்கால்மேல் தக தகிட என்றுதான் போனது. நான்காவது சுற்றில் கையை அந்தரத்தில் நிறுத்தினார். ஐந்தாவதில் தகிட தக என்று இறங்கினார். இடி நின்றது. "சாபுவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்" என்றார். ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபுவைத் திருப்பி வாசித்தால் விலோமம் என்று சொல்கிறோம் அல்லவா, அதைப் போல.

உங்கள் தந்தையாரிடம் இதைச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு போனது என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஐந்து எண்ணிக்கையைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொள்ளும் காது நம் வீட்டில் வழிவழியாக வருகிறது. அந்தப் பெருமையை அவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

எழுதியது டெஸ்மண்ட், தாளம் மோரெல்லோவுடையது என்கிறார்கள். பிறகு ஏன் எல்லா இடத்திலும் புருபெக்கின் பெயரே இருக்கிறது? அவர் அந்தப் பதிவில் என்னதான் செய்தார்?
– ஒரு வாசகர், தெலுக் இந்தான்

தாளம் போட்டார்.

நான் இதைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 5 நிமிடம் 24 விநாடி ஓடும் அந்தப் பதிவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ட்ரம்ஸ் தனியாகத் தொடங்கும். பியானோ அந்த ஐந்தைப் பிடித்துக்கொள்ளும். யூஜீன் ரைட்டின் பேஸ் சேரும். பிறகு டெஸ்மண்டின் சாக்ஸபோன் வரும். சமையலறைக் கதவிடுக்கு வழியே கேட்டபோதே அந்தக் குரலில் அவசரம் இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. மெட்டு முடிந்து அவர் கற்பனையாகச் சிறிது வாசித்து ஒதுங்கியதும், ஏறத்தாழ இரண்டாம் நிமிடத்தில் மோரெல்லோவின் தனி வாசிப்பு தொடங்குகிறது. சாக்ஸபோனை மறந்துவிட்டு அந்த இடத்தில் பியானோவை மட்டும் கேளுங்கள். அதே இரண்டு அடிகள், அதே அழுத்தம், ஒன்றிலும் நான்கிலும். மோரெல்லோ எவ்வளவு தூரம் போனாலும், எத்தனை எண்ணிக்கை மௌனமாக விட்டாலும், பியானோ அசையாது. அந்தப் பதிவு முழுவதிலும் புருபெக் தமக்கென்று ஒரு தனி எடுத்துக்கொள்ளவே இல்லை.

நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் என்ன செய்கிறார்? வாயை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுகிறார். கச்சேரி அவர் பெயரில்தான் நடக்கிறது. நோட்டீசில் பெரிய எழுத்து அவருடையதுதான். ஆனாலும் அந்தப் பத்து நிமிடமும் மிருதங்கக்காரர் துணிந்து வெளியே போய்த் திரும்பி வருவது அந்தக் கையை நம்பித்தான். என் மாமா சுவாமி புறப்பாட்டில் தனி வாசிக்கும்போது, பாட்டுக்காரரின் கையைத் தவிர வேறெங்கும் பார்க்கமாட்டார். புருபெக்கின் இடத்தை நான் புரிந்துகொண்டது அப்படித்தான்.

அது எளிதான வேலையும் அன்று. 1959 ஜூன் 25 அன்று முதன்முதலாகப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது, நாற்பது நிமிடத்தில் இருபது முறைக்கு மேல் முயன்றும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்கு எண்ணிக்கை நழுவியது. கைவிட்டுவிட்டுப் போனார்கள். ஜூலை 1 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆம் தெரு ஸ்டூடியோவில் மறுபடி கூடினார்கள். அன்று சரியாக வந்தது. நாம் கேட்பது அதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூஜீன் ரைட் கறுப்பினத்தவர்; மற்ற மூவரும் வெள்ளையர். 1960-இல் அமெரிக்காவின் தென் மாநிலக் கல்லூரிகள் 25-இல் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. ரைட்டுக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவரை அழைத்து வரும்படி கேட்டார்கள். புருபெக் மறுத்தார். 23 கச்சேரிகள் கைநழுவிப் போயின. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவில் இருந்த கம்பி வேலியைப் பார்த்து வளர்ந்தவன் நான். முன்கூடத்தில் சுழன்ற அந்தத் தட்டுக்குள் அப்படி ஒரு மனிதர் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவந்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. அன்று இரவு அந்த மெட்டை மறுபடி மறுபடி கேட்டேன்.

இந்த மெட்டால் டெஸ்மண்டுக்கு நிறையப் பணம் வந்திருக்குமே?
– ஒரு வாசகர், தாப்பா

வந்தது, ஆனால் உடனே வரவில்லை. தட்டை வெளியிடவே நிறுவனத்தின் விற்பனைப் பகுதியினர் தயங்கினார்கள். எல்லாம் புதிய மெட்டுகள், யாரும் நடனமாட முடியாத தாளங்கள், அட்டையில் கலைஞர்களின் படத்துக்குப் பதிலாக நீல் ஃபுஜிதாவின் ஓவியம். இதற்கு ஈடாகத் தென் மாநிலப் பழம்பாடல்களை ஒரு தட்டாக முதலில் பதிவு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. நிறுவனத் தலைவர் காடர்ட் லீபர்சன் பக்கத்தில் நின்றதால்தான் 'டைம் அவுட்' என்ற பெயரில் அந்தத் தட்டு 1959-இன் இறுதியில் வெளிவந்தது. மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிய சிறிய தட்டு 1961-இல் வானொலியில் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு அமெரிக்கப் பட்டியலில் 25-ஆம் இடம், பிரிட்டனில் 6-ஆம் இடம். பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஜாஸ் சிறுதட்டு என்ற பெயர் அதற்கு உண்டு.

பெயரிலும் ஒரு சிலேடை இருக்கிறது. ஒத்திகையில் ஐந்து நிமிடம் ஓய்வெடுங்கள் என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. தாளமும் ஐந்து.

டெஸ்மண்ட் 1977 மே 30 அன்று 52 வயதில் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். தம் மெட்டுகளிலிருந்து இனி வரும் உரிமைத் தொகை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகட்டும் என்று எழுதி வைத்திருந்தார். ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. நம் மலேசியாவில் செம்பிறைச் சங்கம் என்று நாம் அறிந்திருக்கும் அமைப்பின் உடன்பிறப்பு அது. எங்கேயோ ஒரு கடையில் இந்த மெட்டு ஒலிக்கும்போதெல்லாம், வேறெங்கேயோ வெள்ளத்தில் வீடிழந்தவருக்கு ஒரு போர்வை போய்ச் சேர்கிறது என்று நான் எண்ணிக்கொள்வேன்.

ஜாஸில் 'ஸ்டாண்டர்ட்' என்றால் என்ன?
– ஒரு மாணவி, சிரம்பான்

எல்லாருக்கும் தெரிந்த, யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கும் மெட்டு. ஒருவரை ஒருவர் முன்பின் அறியாத நான்கு கலைஞர்கள் ஒரு மேடையில் சந்தித்தால், பெயரைச் சொன்னதும் தொடங்கிவிடலாம். நம் கச்சேரிகளில் பெயர்பெற்ற கீர்த்தனைகளுக்கு உள்ள இடம் அதற்கு. மெட்டு பொதுச்சொத்து, அதன்மேல் செய்யும் கற்பனை அவரவருடையது.

பாடலாகவும் யாராவது பாடியிருக்கிறார்களா? புதிதாகக் கேட்பவர் எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகி, கூலிம்

1959-இன் முதல் பதிவு. அதைக் குறைந்தது பத்து முறை கேட்காமல் வேறொன்றுக்குப் போகாதீர்கள். பிறகு அதே குழு 1963 பிப்ரவரியில் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் வாசித்ததைக் கேளுங்கள். வேகம் வெகுவாகக் கூடியிருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் இருபது தடவை நழுவிய எண்ணிக்கை, இப்போது அவர்களுக்கு மூச்சு விடுவதைப் போல ஆகியிருக்கும்.

பாடல் உண்டு. புருபெக்கும் அவர் மனைவி அயோலாவும் வரிகள் எழுத, கார்மென் மெக்ரே 1961-இல் அந்தக் குழுவோடு பாடினார். அழகான குரல். ஆனால் வார்த்தை வந்ததும் காது பொருளைத் தேடிப் போய்விடுகிறது. எண்ணிக்கை பின்னுக்குப் போகிறது. என் விருப்பம் ஆல் ஜாரோ. 1977-இல் வெளிவந்த அவருடைய மேடைப் பதிவில், தொண்டையாலும் உதட்டாலும் நாக்காலும் ட்ரம்ஸின் சொற்களை உருட்டி உருட்டி விடுகிறார். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவர் எவரும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அவரிடம் யாரும் தகிட தக என்று சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். நாக்கு தானாகவே அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

1968-இல் ஜமைக்காவில் வால் பென்னட் என்ற சாக்ஸபோன் கலைஞர் இதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி, அந்த ஊர் நடையில் வாசித்தார். பலருக்கு உயிரான பதிவு அது. எனக்கு ஒட்டவில்லை. ஐந்தாவது அடியை எடுத்துவிட்டால், படியில் ஒரு காலை வைத்து மறுகாலை வைக்குமுன் ஏற்படும் அந்தச் சிறு தயக்கம் போய்விடுகிறது. இந்த மெட்டின் உயிரே அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் பிறகு, 2011-இல் லாகூரிலிருந்து வந்ததைக் கேளுங்கள். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் எழுதுகிறேன்.

அப்பா விட்டுச்சென்ற தட்டுகளில் பூஞ்சை பிடித்திருக்கிறது. 'டேக் ஃபைவ்' சிறுதட்டும் அவற்றில் இருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?
– ஒரு வாசகர், பாகான் செராய்

முதலில் பழைய 78 வேகத் தட்டுகளைத் தனியே பிரித்துவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். உங்கள் சிறுதட்டு வினைல். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான துணியை நனைத்து, வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே துடைக்கக் கூடாது. நடுவில் இருக்கும் தாள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலில் காயவிடுங்கள். பூஞ்சை பிடித்த பழைய உறைக்குள் மறுபடி போடாதீர்கள். புதிய உள்ளுறை போடுங்கள். அடுக்கிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மேற்கு வெயில் படும் பலகைச் சுவரோரம் வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் வினைல் அப்பளம் போல வளைந்துவிடும்.

நாங்கள் சுங்கை சிப்புட்டில் உறுமி மேளக் குழு வைத்திருக்கும் இளைஞர்கள். உங்கள் வரியைப் படித்துவிட்டு அந்த மெட்டைத் தேடிக் கேட்டோம். இதை உறுமி, தவில், நாதஸ்வரம் வைத்து வாசிக்க ஆசை. பெரியவர்கள் சிலர் இது வேண்டாத வேலை என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
– குழுவினர், சுங்கை சிப்புட்

தம்பிகளே, லாகூர் கதையை உங்களுக்காகத்தான் நிறுத்தி வைத்தேன். அந்த நகரத்தில் ஒரு காலத்தில் திரைப்பட இசைக்குழுக்கள் நிறைந்திருந்தன. படத்தொழில் நொடித்துப்போனதும், பிடிலும் தபேலாவும் சிதாரும் வாசித்த கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. இஸ்ஸத் மஜீத் என்ற செல்வந்தர் அவர்களைத் தேடிப் பிடித்து, சச்சல் ஸ்டூடியோஸ் என்று ஒரு கூடம் அமைத்துக் கொடுத்தார். அவர் சிறுவனாக இருந்தபோது, 1958-இல் புருபெக்கின் குழு லாகூரில் வாசித்ததைக் கேட்டவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒலி அவர் காதில் இருந்திருக்கிறது. முதிய கலைஞர்கள் சிதாரில் அந்த மெட்டை எடுக்க, தபேலா அடியில் ஓட, பிடில்கள் பின்னால் வர, பதிவு உலகம் முழுவதும் போனது. அப்போது உயிரோடு இருந்த புருபெக் அதைக் கேட்டு மனம்விட்டுப் பாராட்டினார். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார்.

அந்த முதியவர்கள் தங்கள் வாத்தியத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தங்கள் கையை மட்டுமே கொண்டு போனார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உறுமியின் அந்த முனகலை மெட்டு பாட வைக்க முயல வேண்டாம். பேஸ் வாசித்தவரின் இடம் அதற்குப் பொருந்தும். ஒன்றிலும் நான்கிலும் இழுத்துவிட்டால் போதும். மெட்டு நாதஸ்வரத்துக்கு. வேகத்தைக் குறையுங்கள், தைப்பூசத்தில் காவடிக்கு வாசிக்கும் வேகம் இங்கே ஆகாது. தவில்காரருக்குத் தனி கொடுங்கள். வாசிக்கும் இடமும் பார்க்க வேண்டும். சுவாமி புறப்பாட்டில் வேண்டாம். பெரியவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள் என்றால் அவர்கள் பக்கமே நானும் நிற்பேன். கல்யாண வரவேற்பு, பள்ளி விழா, ஒரு மாலைநேரக் கச்சேரி என்று எத்தனையோ மேடைகள் இருக்கின்றன.

முதல் நாள் எண்ணிக்கை நழுவும். இரண்டாம் நாளும் நழுவும். ஜூன் 25-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பழைய தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. பங்களா இல்லை, அந்தப் பின்படியும் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. பக்கத்துக் கொட்டகை ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகத்தான் கிடக்கும். பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கு வாருங்கள். வாத்தியங்களை நீங்கள் கொண்டு வாருங்கள். தவில்காரர் தனி வாசிக்கும்போது தாளம் போட ஒருவர் வேண்டும். அதற்கு நான் இருக்கிறேன்.